பத்தரை மணிக்குத் தலைக்கு மேலே போகிறவன்

மேகம் ஒரு பொட்டு கிடையாது. செண்பகவடிவு கொல்லையில் நின்று அண்ணாந்து பார்த்தாள். சனியன் பிடிச்ச வானம், இன்னைக்கும் கழுவிக் கவுத்தின கும்பா மாதிரி பளபளன்னு கெடக்கு என்று திட்டினாள். அம்பாசமுத்திரத்தில் மற்றவர்களெல்லாம் மழை இல்லையே என்று வானத்தைத் திட்டுவார்கள். மழையே வேண்டாம், மேகம் மட்டும் வந்து நில்லு தாயே என்று கெஞ்சுகிறவள் இவள் ஒருத்திதான். அதுவும் நாள் பூராவும் நிற்க வேண்டாம், காலை பத்திலிருந்து பதினொன்று வரை நின்றால் போதும். ஊருக்கெல்லாம் நிற்க வேண்டாம், இந்த ஒரு வீட்டுக்கு மேலே நின்றால் போதும். அதைக்கூடச் செய்ய மாட்டேன் என்கிறது. மணி பத்தாக இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. அவள் குனிந்து கறுப்புத் தார்ப்பாயை ஓரத்தில் பிடித்து இழுத்தாள், சுருக்கத்தைக் காலால் நீவிவிட்டாள், காற்றில் தூக்காமல் இருக்க நான்கு பக்கமும் ஓட்டுச் சில்லு வைத்தாள். வட்டமாக வெட்டிய தார்ப்பாய். முழங்கால் உயரத்துக்கு ஒரு வட்டச் சுவர், அந்தச் சுவருக்குள்ளே செம்மண், செம்மண்ணின் மேலே இந்தக் கறுப்பு. கீழே நின்று பார்த்தால் சின்னப் பிள்ளைகூட தார்ப்பாய் என்று சொல்லிவிடும். மேலே இருந்து பார்க்கிறவனுக்கு மட்டும் அது கிணறு. அப்படித்தான் பதினாலு மாதமாக அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள். களை முளைக்காம இருக்கதுக்குப் போட்டிருக்கேன் என்று வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தாள். அவர் ம் என்று சொன்னதோடு சரி.

அடுப்படிக்கு வந்து கையைக் கழுவினாள். மேடையில் போன் கிடந்தது. அதைத் தொடக்கூடாது என்று நினைத்துக்கொண்டே எடுத்தாள். காலையில் ஏழு மணிக்கு வந்து விழுந்த குரல், பதினோரு வினாடி. மெல்போர்னிலிருந்து பிரமநாயகம் அத்தான், வீட்டுக்காரருடைய அண்ணன். “ஏம்மா வடிவு, பத்தரைக்குக் கூப்பிடுதேன். வீட்ட மேலருந்து பாத்தேன். ஒரு விசயம் கேக்கணும்.” இதுவரை ஒன்பது தடவை கேட்டாயிற்று, இது பத்தாவது. பாத்தேன் என்பதற்கும் ஒரு விசயம் என்பதற்கும் நடுவில் ஒரு இருமல் இருந்தது. அது என்ன இருமல்? கோபத்தை அடக்கிக்கொண்டு இருமுகிற இருமலா, காப்பி புரையேறின இருமலா? மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் இப்படி முன்கூட்டிச் சொல்லிவிட்டெல்லாம் கூப்பிடுகிற ஆள் இல்லை அவர். திடுதிப்பென்று கூப்பிடுவார், முதல் வார்த்தையே, கிணறு சௌக்கியமா? அப்புறம்தான் தம்பி சௌக்கியமா, நீ சௌக்கியமா. கம்ப்யூட்டரில் மேப்பைத் திறந்து, ஆஸ்திரேலியாவிலிருந்து அப்படியே உருட்டிக்கொண்டு வந்து, தாமிரபரணியைத் தாண்டி, தெருவைப் பிடித்து, வீட்டைப் பிடித்து, கொல்லையில் அந்தக் கறுப்பு வட்டத்தைப் பார்த்தால்தான் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை விடியும். பார்த்தேன்மா, தண்ணி கெடக்குல்லா, கறுப்பாத்தான் தெரியுது என்பார். கெடக்கு அத்தான், நல்லாக் கெடக்கு என்பாள் இவள். அந்தப் படம் நாலு வருஷத்துப் பழசு என்று அவருக்குத் தெரியாது, இவளுக்குத் தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று சொல்வார்கள், இவள் நாற்பதடிக் கிணற்றையல்லவா மறைத்துக்கொண்டிருக்கிறாள். ஒரு விசயம். என்ன விசயமாக இருக்கும்? பெயின்ட் அடிச்சியான்னு கேக்கலாம். தென்னையில காய் இருக்கான்னு கேக்கலாம். இல்லை, அதற்கெல்லாம் இருமமாட்டார்.

அந்தக் கிணறு மாமனார் வெட்டியது. பிரமநாயகம் பிறந்த வருஷம் வெட்டியது, அவருக்கும் கிணற்றுக்கும் ஒரே வயசு, அறுபத்தொன்று. அப்பா செத்த பதினாறாம் நாள் அவர் சொல்லிவிட்டுத்தான் பிளேன் ஏறினார், வீட்ட இடிச்சுக் கட்டணும்னாலும் கட்டிக்கோங்க, கிணத்துல மட்டும் கைய வைக்காதீங்க. வைத்துவிட்டாளே. இந்தக் கைதான் வைத்தது. சும்மா வைப்பாளா? மனுஷி ஆசைப்பட்டா கிணற்றைத் தூர்ப்பாள்? வீட்டுக்காரர் ஆவுடையப்பன் மில்லு பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார், இருபத்தாறு வருஷம், ஒரு கோழிக்குஞ்சுகூட அவர் வண்டியில் அடிபட்டது கிடையாது. ஒரு மாசி மாதம், வாழையிலைக் கட்டு வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் சைக்கிளில் சந்திலிருந்து வந்தார். தப்பு டிரைவர் மேல் இல்லை என்று போலீஸும் சொன்னது, கோர்ட்டும் சொன்னது, அந்தப் பெரியவருடைய மகனே வந்து கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். யார் சொல்லி என்ன? பிரேக்கு புடிச்சேன் வடிவு, நான் புடிச்சேன். மூன்று மாதம் இதே வார்த்தைதான். அப்புறம் அதுவும் இல்லை. சாப்பிடு என்றால் சாப்பிட்டார், படு என்றால் படுத்தார். அதற்கப்புறம்தான் கிணற்றடியில் நிற்க ஆரம்பித்தது. முதல் நாள், தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது என்று பார்க்கிறாராக்கும் என்று நினைத்தாள். இரண்டாம் நாளும் நின்றார். மூன்றாம் நாள் இவள் துணி காயப்போட்டபடி பார்த்தாள், அவர் குனிந்தே நின்றார், நிழல் கால்மாட்டிலிருந்து சுவர்வரை நீண்டுவிட்டது, அவர் அசையவில்லை. ஆறாம் நாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தவள், ஏங்க, ஏங்க என்று கூப்பிட்டாள், திரும்பவில்லை. ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்தாள். சின்னப் பிள்ளை மாதிரி கூடவே வந்துவிட்டார். அந்தச் சட்டையின் ஈரம், வேர்வையில் நனைந்த முதுகு, இப்போது நினைத்தாலும் உள்ளங்கையில் ஒட்டுகிறது. ஒன்றும் கேட்கவில்லை அவள். என்ன செய்யப் பார்த்தீங்க என்று கேட்டிருக்கலாம். கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிட்டால்? வாயில் அந்த வார்த்தை வந்துவிட்டால், அப்புறம் அது வீட்டுக்குள்ளேயே அல்லவா நடமாடும்.

மறுநாள் பாளையங்கோட்டை டாக்டர். பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். ஊருக்கு டைபாய்டு என்று சொன்னாள். ஓசூரில் இருக்கிற மகளுக்கும் டைபாய்டுதான், மெல்போர்னுக்கும் டைபாய்டுதான். தன் தம்பியை ஆஸ்பத்திரியில் துணைக்கு வைத்துவிட்டு ஏழாம் நாள் ஊருக்கு வந்து, டிராக்டர்காரனைப் பிடித்து, பன்னிரண்டு லோடு செம்மண்ணும் கட்டட இடிசலும் இறக்கினாள். கொத்தனார், கிணத்த மூடப்படாதும்மா, பாவம் சுத்தும் என்றார். சுத்தினா என்னைச் சுத்தட்டும், நீங்க மண்ண அள்ளுங்க என்றாள். சரி, அப்பன்னா கிணறு மூச்சுவிட ஒரு பைப்பாவது விடுவோம் என்று சொல்லிச் சுவரோரமாக நீளமான பைப் ஒன்றை நட்டுவைத்தார். பாலும் மஞ்சளும் வேப்பங்கொழையும் போட்டாள். போடும்போது கிணற்றிடம் பேசினாள், கொத்தனார் முன்னாலேயே, வெட்கம் இல்லாமல். என்னைய மன்னிச்சிரு. நீ ஒரு தப்பும் பண்ணல. எனக்கு அந்த மனுசன் வேணும், அம்புட்டுதான். திரும்பி வந்த அன்றைக்கு ஆவுடையப்பன் கொல்லைக்குப் போனார், சுவருக்குள் செம்மண்ணைப் பார்த்தார், ம் என்றார். அந்த ம்-மை வைத்துக்கொண்டு இவள் பட்ட பாடு கொஞ்சமா? சரின்னு சொன்ன ம்-மா, சண்டைபோடத் தெம்பு இல்லாத ம்-மா, நான் நினைச்சதை நீ கண்டுபிடிச்சிட்டியாங்கிற ம்-மா? பதினாலு மாதமாக அதை ஆட்டுரலில் போட்டு ஆட்டிக்கொண்டே இருக்கிறாள், அரைபடவும் இல்லை, வழிக்கவும் முடியவில்லை.

அண்ணன்காரர் கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். அதுதான் பயம். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம், திட்டு என்ன திட்டு, உடம்பிலா ஒட்டப் போகிறது. ஏன் மூடினே என்று கேட்பாரே. வீட்டுக்காரரும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். பொய் சொல்ல வேண்டும், இல்லை என்றால் அந்தப் பேச்சை எடுக்க வேண்டும். எடுத்தால், இப்போது மாத்திரை தின்று, தூங்கி எழுந்து, நண்பர் சைக்கிள் கடையில் போய் ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஆளாகிக்கொண்டிருக்கிறவருக்கு மறுபடியும் அது ஞாபகம் வந்துவிட்டால்? அதற்குத்தான் இந்தக் கூத்தெல்லாம். இந்தக் கூத்துக்கு வழிசொன்னவர் சர்வேயர் இசக்கிமுத்து, பாவம், அவருக்கே அது தெரியாது. வடிவு பத்திரம் எழுதுகிற கடையில் டைப் அடிக்கிறாள், அங்கே டீ குடிக்க வருவார். சும்மா கேட்பதுபோலத்தான் கேட்டாள், இந்த மேப்புல வீடு தெரியுதே, அத எப்பெப்ப மாத்துவாங்க? “அதெல்லாம் ஒரு ஒழுங்குமொறை கெடையாதுக்கா. மெட்ராசு, மதுரைன்னா வருசத்துக்கு ஒருக்காகூட மாத்துவான். நம்மூரு மாதிரின்னா ரெண்டு வருசமும் ஆகும், மூணு வருசமும் ஆகும். சாட்டிலைட்டு படம் அடிக்கடி எடுக்கும், எடுக்கதெல்லாம் போட மாட்டான். மேகம் இருந்தா தள்ளிருவான். நல்ல படமாப் பொறுக்கி, ஒட்டுப்போட்டு, என்னைக்காவது ஒரு நாள் ஏத்துவான். ஒங்க தெரு ஒரு வருசத்துப் படமா இருக்கும், அடுத்த தெரு வேற வருசத்துப் படமா இருக்கும்.” எத்தனை மணிக்கு எடுப்பான்? “பெரும்பாலும் காலைல பத்து, பத்தரை வாக்குல.” கிணறு எப்படித் தெரியும்? “கறுப்பு வட்டம், வேற என்ன.” அன்றைக்குச் சாயங்காலமே மூன்று மீட்டர் தார்ப்பாய் வாங்கிக்கொண்டு வந்து, கயிறு வைத்து அளந்து, தையல் கத்தரியால் வெட்டினாள். வேலியில போற ஓணான எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டு குத்துதே கொடையுதேன்னு அழுத கதைதான். ஐப்பசி கார்த்திகையில் மேகம் போட்டால் அவளுக்கு லீவு. மற்ற நாளெல்லாம் டூட்டி. மேலத்தெருவிலிருந்து ஒரு வெள்ளைப் பூனை வந்து தார்ப்பாய் நடுவில் படுத்துக்கொள்ளும், அதை விரட்ட வேண்டும். கிணற்றின் நடுவில் வெள்ளையாக ஒன்று மிதந்தால் அத்தான் மெல்போர்னிலிருந்து அடுத்த பிளேனில் வந்து இறங்கிவிட மாட்டாரா?

போனில் மேப்பைத் திறந்தாள். தினமும் திறக்கிறதுதான், கோயிலுக்குப் போனால் முதலில் பிள்ளையாரைப் பார்க்கிற மாதிரி, இவள் முதலில் எதிர்வீட்டு மொட்டைமாடியைப் பார்ப்பாள். எதிர்வீட்டு வேலம்மாள் போன ஐப்பசியில் மாடியில் தகரக் கொட்டகை போட்டாள். மேப்பில் கொட்டகை இல்லை என்றால் படம் பழசு, உயிர் பிழைத்தோம். கொட்டகை தெரிந்த அன்றைக்கு மாட்டிக்கொண்டோம். படம் மெதுவாகத் தெளிந்தது. கொட்டகை இல்லை. இவள் வீட்டுக் கொல்லையில் கறுப்பு வட்டம் இருந்தது, அசல் கிணறு, தண்ணீர் கிடந்த கிணறு. அப்பாடா. அப்படியானால் அத்தான் எதைப் பார்த்தார்? வந்த அப்பாடா வந்த வேகத்திலேயே போய்விட்டது. போன்ல ஒண்ணு தெரியும், கம்ப்யூட்டர்ல ஒண்ணு தெரியும், புதுசு எல்லா எடத்துக்கும் ஒரே நேரத்துல வராது என்றும் இசக்கிமுத்து சொல்லியிருக்கிறாரே. வேண்டாத நேரத்தில்தான் அந்த ஆள் சொன்னதெல்லாம் ஞாபகத்துக்கு வரும். புதுசு வந்திருந்தாலும் என்ன, தார்ப்பாய்தான் இருக்கிறதே, கறுப்பாய், வட்டமாய். ஆனால் தண்ணீர் வேறு கறுப்பு, தார்ப்பாய் வேறு கறுப்பு என்று தெரிந்துவிடுமோ? அறுபத்தொரு வருஷம் ஒரு கிணற்றைப் பார்த்தவருக்குத் தெரியாதா? மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். மணி பத்து இருபது. பத்து இருபது என்றதும் அவளுக்கு வேறொன்று உறைத்தது. சலூனுக்குப் போனவர் இன்னும் வரவில்லை.

எட்டே முக்காலுக்குப் போனார். முடி வெட்டிட்டு வாரேன் என்றார். அதைச் சொல்லும்போது முகம் எப்படி இருந்தது? பார்க்கவில்லையே. தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாவி, தோசை கருகினால் கருகட்டும் என்று முகத்தைப் பார்த்திருக்க வேண்டாமா? போனையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சலூனில் கூட்டம் இருக்கும். இருந்தாலும் ஒன்றரை மணி நேரமா? தலையில் இருக்கிறதே நாலு முடி. ஆறு அந்தப் பக்கம்தான். சலூனைத் தாண்டி, ரயில்வே கேட்டைத் தாண்டி ஒரு திருப்பம் திரும்பினால் படித்துறை. கிணத்த மூடினே, சரி. ஆத்த மூடுவியா? இந்த எண்ணம் வந்ததும் மேடையைப் பிடித்துக்கொண்டாள். பன்னிரண்டு லோடு மண், பதினாலு மாதம் தார்ப்பாய், வானத்தோடு சண்டை, பூனையோடு சண்டை, இத்தனையும் பண்ணினாளே, பொதிகை மலையிலிருந்து புன்னைக்காயல் வரைக்கும் ஓடுகிற தாமிரபரணியை என்ன செய்வாள்? தண்டவாளம் இருக்கிறது, மெயின் ரோட்டில் லாரி இருக்கிறது. உலகத்தை எத்தனை லோடு அடித்து மூட முடியும்? இத்தனை நாள் இது தோன்றவே இல்லையே, தோன்றாமல் இருந்ததா, தோன்றவிடாமல்தான் தினமும் பத்து மணிக்குத் தார்ப்பாயைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாளா? செருப்பைக்கூடப் போடாமல் வாசலுக்கு ஓடினாள். தெருவில் வெயில். எதிர்வீட்டு வேலம்மாள், என்ன வடிவு, பேயறைஞ்சாப்ல நிக்கே என்றாள். ஒண்ணுமில்ல மதினி, மீன்காரர் போயிட்டாரான்னு பாக்கேன். மூணாவது வீடு, நாலாவது வீடு, முக்கு. முக்கில் யாரும் இல்லை. ஒரு ஆட்டோ வந்தது, போனது. ஆத்தா மாரியம்மா, இந்த ஒரு தடவை அந்த முக்குல அந்த மொகத்தக் காட்டிரு, அத்தான் என்ன கேட்டாலும் சொல்லிருதேன், பொய்யே பேசல.

அந்த முகம் வந்தது. ஒட்ட வெட்டின தலையும், பிடரியில் அப்பின பவுடருமாக, கையை வீசிக்கொண்டு, அவசரமே இல்லாமல் வந்தது. வடிவுக்குக் கோபம் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். “ஏங்க, ஒரு முடி வெட்ட இம்புட்டு நேரமா? எங்கிட்டுப் போனீங்க?” ஆவுடையப்பன் செருப்பைக் கழற்றிக்கொண்டே, “சலூன்லதான் இருந்தேன். கூட்டம். எம் மொறை வந்துச்சு, மூணு பேருக்கு விட்டுக்குடுத்தேன்” என்றார். எதுக்கு? “அங்க பேச்சு நல்லா இருந்துச்சு. எந்திரிச்சு வர மனசில்ல.” பேச்சு நல்லா இருந்துச்சாம். பேச்சு என்றால் எழுந்துபோகிற மனுஷனுக்குப் பேச்சு நல்லா இருந்துச்சாம். வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. அதை முழுசாக அனுபவிக்கக்கூட விடாமல் உள்ளே போன் அடித்தது.

போனை மேடையில் தண்ணீர்ச் செம்பில் சாய்த்துவைத்தாள். திரையில் அத்தானுடைய நெற்றி முக்கால்வாசி, கண் கால்வாசி. வழக்கமாகக் கேட்கிறதைக் கேட்கவில்லை. கிணறு சௌக்கியமா என்று கேட்கவே இல்லை. கையை முந்தானையில் சுருட்டிக்கொண்டாள்.

“ஏம்மா வடிவு, மேப்புல புதுப் படம் போட்டிருக்கான். எதுத்தாப்ல தகரக் கொட்டகை எல்லாம் தெரியுது. நம்ம கொல்லையில வட்டச் சுவரு இருக்கு, உள்ள செவப்பா மண்ணுல்லா கெடக்கு. அதுவாது போகட்டும்னா, மொட்டமாடியில கறுப்பா, வட்டமா, அதே அளவுல ஒண்ணு தெரியுது. நான் நாலு வாட்டி கண்ணாடியத் தொடச்சிட்டுப் பாத்தேன். கிணத்த மாடிக்குத் தூக்கிட்டுப் போயிட்டீகளா?”

மாடியா? ஆத்தாடி. தை மாதம். காக்கா எச்சமும் பூனை மூத்திரமுமாக நாறுகிறது என்று, பதினாலு மாதத்தில் ஒரே ஒரு நாள், ஒரே ஒரு நாள், தார்ப்பாயைச் சோப்புப் போட்டுக் கழுவி மொட்டைமாடியில் காயப்போட்டாள். அந்த ஒரு நாளைப் பார்த்தா எடுப்பான்? அவன் விளங்குவானா? நானூறு நாள் விரிச்சு வச்சேனே, அப்பல்லாம் எங்கடா போயிருந்தே? சிரிப்பு வருகிறது, சிரிக்கிற நேரமா இது? வாய் தானாகவே ஆரம்பித்தது, “அது அத்தான்... சிண்டெக்ஸ் டேங்கு... புதுசா...” மாரியம்மனுக்குச் சொன்ன வாக்கு பத்து நிமிஷம்கூட நிற்கவில்லை. பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்திருந்த ஆவுடையப்பன் கையை நீட்டிப் போனை எடுத்தார்.

“அண்ணே. கிணத்த மூடியாச்சு. போன வருசமே மூடியாச்சு.”

“மூடியாச்சா? ஏலே, யாரக் கேட்டு மூடுனீங்க? அப்பா வெட்டுன...”

“எனக்கு வந்தது டைபாய்டு இல்லண்ணே.”

வடிவு வேண்டாங்க, வேண்டாங்க என்று உதட்டை மட்டும் அசைத்தாள். அவர் அவளைப் பார்த்தார், தலையை ஆட்டினார், பேசினார். ரோடு எப்படிப் போகிறது என்று வழிசொல்கிற டிரைவர் குரலில்தான் பேசினார். “பஸ்ஸுல அந்தப் பெரியவரு அடிபட்டதுக்கப்புறம் எனக்கு மனசு சரியில்ல. ஆறு நாளு கிணத்துக்கிட்டயே நின்னேன். உள்ள போயிரலாம்னுதான் நின்னேன். வடிவு வந்து சட்டையப் புடிச்சு இழுத்துட்டா. பாளையங்கோட்டையில காமிச்சா. நான் திரும்பி வரதுக்குள்ள மண்ண அடிச்சு மூடிட்டா. ஒங்களுக்குச் சொல்லலைன்னா அது என்னைய நெனச்சுத்தான் சொல்லல. கோவப்படணும்னா எம்மேல கோவப்படுங்க. அவள ஒண்ணும் சொல்லாதீங்க.”

உள்ளே போயிரலாம்னுதான் நின்னேன். அந்த வார்த்தை வந்துவிட்டது. எது வரக்கூடாது என்று பதினாலு மாதம் காவல் இருந்தாளோ அது அடுப்படி நடுவில் வந்து நின்றது. வீடு இடிந்து விழவில்லை. சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. சொன்ன மனுஷன் ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தார், வெட்டின முடி ஒன்று காதில் ஒட்டியிருந்தது. திரையில் அத்தான் நெற்றி நகர்ந்து சுவர் தெரிந்தது, அப்புறம் நனைந்த கண் தெரிந்தது. “ஏலே ஆவுடை. கிணறு கெடக்கட்டும்லே. கிணறு என்னலே பெரிய கிணறு” என்றார். மூக்கை உறிஞ்சினார். இருமினார். இந்த இருமல் என்ன இருமல் என்று யோசிக்க வேண்டியதில்லை. “ஏம்மா வடிவு, எத்தன லோடு அடிச்சே?” பன்னெண்டு அத்தான். “பத்தாதும்மா. மழைக்கு அமுங்கும். இன்னும் ரெண்டு லோடு அடிச்சு நல்லாக் கெட்டியாக்கிரு. நீ செஞ்சது பாவமில்ல, புண்ணியம். கேட்டியா?” போனை வைத்துவிட்டார்.

வடிவு தரையில் உட்கார்ந்து அழுதாள். வாயைப் பொத்தாமல், யாருக்கும் பயப்படாமல், மூக்கு ஒழுக, நன்றாக அழுதாள். ஆவுடையப்பன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “எனக்கு அன்னைக்கே தெரியும் வடிவு, நீ எதுக்கு மூடினேன்னு. என்னன்னு பேச, அதான் ம்-னு சொன்னேன். தெனமும் நீ அந்தத் தார்ப்பாய விரிப்பியே, அந்த எடம் என் கண்ணுல படக்கூடாதுன்னுதான விரிக்கா, இம்புட்டு பாடு படுதாளேன்னு நெனச்சுக்கிடுவேன்.” அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பொய் பேசலைன்னு மாரியம்மனிடம் சொன்னது பாக்கி இருக்கிறதே. “அது ஒங்களுக்காக இல்லங்க.” பின்ன? “மேல போறவனுக்கு.” எவனுக்கு? “சாட்டிலைட்டுக்கு. பத்தரை மணிக்குப் போவான். அவன் பாத்தா அத்தான் பாத்தாப்ல. அதான், கிணறு மாதிரி இருக்கட்டும்னு...” ஆவுடையப்பன் அவளையே பார்த்தார். தோள் முதலில் குலுங்கியது. அப்புறம் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வர, சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “பத்தரைக்கா? கரெட்டா பத்தரைக்கா?” சிரிக்காதீங்க, எனக்கு உசுரு போயிட்டு வந்துச்சு என்று தொடையில் ஒரு அடி வைத்தாள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு அடங்கினபோது, கேட்டுவிடலாம் என்று தைரியம் வந்தது, கேட்டாள். “இப்ப அந்த நெனப்பு வருதாங்க?” அவர் காதில் ஒட்டியிருந்த முடியைத் தட்டிவிட்டார். “ரெண்டு மூணு வாட்டி வந்துச்சு. வந்தா டாக்டர்ட்ட சொல்லிருதேன். இனிமே ஒங்கிட்டயும் சொல்லுதேன்.” சொல்லணும், எந்நேரம்னாலும் என்றாள். சொல்லுதேன் என்றார்.

மத்தியானம் சோறும் சாம்பாரும் அப்பளமும் தின்றுவிட்டு வடிவு வெறும் தரையில் தலையணையைப் போட்டுப் படுத்தாள். படுத்த மாத்திரத்தில் தூங்கிப்போனாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது, பின்பக்கக் கதவு திறக்கிற சத்தத்தில் விழிப்பு வந்தது. அவர் கொல்லைக்குப் போகிறார். காலடிச் சத்தம் வாழையைத் தாண்டி, துணிக்கொடியைத் தாண்டி, அந்தச் சுவரிடம் போய் நின்றது. அவள் ஒரு நிமிஷம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். நிக்கட்டும், காத்தாட நின்னுட்டு வரட்டும் என்று நினைத்தாள், மறுபக்கம் திரும்பிப் படுத்தாள், தூங்கிவிட்டாள்.